கித்தேரி கடைக்கு வந்த சோதனை

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடை இருந்தது. கித்தேரி என்ற பெண் அதைத் தனியாக நடத்திவந்தாள். பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தாலும் ஊருக்கு அது கித்தேரி கடைதான்.

அந்தக் கடையில் இருந்த பொருள்கள் பேசும். மனிதர்கள் காதில் அது விழாது. தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், கோபித்துக்கொள்ளும், சமாதானமும் ஆகிக்கொள்ளும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. பால், தயிர், வெண்ணெய், இட்லி மாவு எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு வருஷமாக அதற்கு உடம்பு சரியில்லை. எவ்வளவு ஓடினாலும் குளிர் நிற்பதில்லை. மேல்தட்டு மட்டும் ஜில்லென்று இருக்கும். கீழே போகப் போக வெதுவெதுப்பு. கதவோ சும்மா விட்டால் ஒரு விரல்கடை திறந்துகொள்ளும். தன் பலம் போய்விட்டது, மோட்டார் முடியப் போகிறது என்று ஃப்ரிட்ஜ் முடிவுக்கு வந்திருந்தது. அதனால் பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கதவை இழுத்துப் பிடித்தபடி நின்றது. கித்தேரி கிட்டே வந்தால் போதும், ஆரோக்கியமாக இருப்பதுபோல உரக்க உறுமிக் காட்டும்.

எதிரில் இருந்த டீக்கடையின் பழைய ஃப்ரிட்ஜைப் பழைய இரும்பு வாங்குகிறவர் மூன்று சக்கர வண்டியில் தலைகீழாகப் போட்டுக் கொண்டுபோனதை அது தன் கண்ணால் பார்த்திருந்தது.

கடையின் பின்னால் ஒரு சின்ன அறை. அதன் வாசலில் ஒரு திரை தொங்கியது. பழைய நைலக்ஸ் புடவையில் தைத்த திரை, பெரிய பெரிய ரோஜாப் பூக்கள் போட்டது. எதையாவது 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நினைத்தால் கித்தேரி அதைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். ஈரச் சுவரில் சாய்ந்த ரவை மூட்டை, நாள் கடந்த பிஸ்கட் பெட்டி, கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ளாத சேமியா, எல்லாம் அங்கேதான். அவள் கெட்டவள் இல்லை. ஒரே ஆளாகக் கடையைத் திறந்து, நிறுத்து, பொட்டலம் கட்டி, சரக்கு இறக்கி, மறுபடி மூடுகிறவள். அப்புறம் என்கிற நேரம் அவளுக்கு வரவேயில்லை.

"எனக்குள்ள ஏதோ ஊருது" என்று ரவை மூட்டை ஒரு நாள் முனகியது.

"ஊரட்டும்" என்றது திரை. "யாருக்குத் தெரியப்போகிறது? பார்த்தால்தானே கெட்டது. நான் தொங்குகிறவரை இந்தக் கடையில் எதுவும் கெடவில்லை."

கடைப் பொருள்களுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று அவை தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தன. தராசு ஒன்றுதான் அதில் சேரவில்லை.

"என்னை வருஷா வருஷம் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டுபோய், எடைக்கல் வைத்துப் பார்த்து முத்திரை போடுகிறார்கள்" என்றது தராசு. "போகும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வந்த பிறகு, 'சரியா நிக்குதாக்கா?' என்று யாராவது கேட்டால் எனக்கு வலிப்பதில்லை."

"உனக்கென்ன, உன்னிடம் கோளாறு இல்லை" என்றது ஃப்ரிட்ஜ்.

"போன வருஷம் பத்து கிராம் தப்பாக நின்றேன். திருகிச் சரிசெய்தார்கள். வந்துவிட்டேன்."

பத்து கிராமும் தன் நோயும் ஒன்றாகுமா என்று ஃப்ரிட்ஜ் நினைத்தது.

சித்திரை வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெனோவா என்கிற இளம் பெண் கடைக்கு வந்து தயிர் வாங்கிப்போனாள். அவள் வீடு அடுத்த தெருதான். கித்தேரி கதவுத் தட்டில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ஜெனோவா மறுபடி வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, ரெண்டு நாளா ஆளைக் காணோம்" என்று கித்தேரி கேட்டாள்.

"ரின்சிக்கு வயித்தால போயி, வாந்தியும் நிக்கலக்கா. ஆஸ்பத்திரில சேத்து ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. சின்னக் கை பாருங்க, நரம்பு கெடைக்காம நாலு எடத்துல குத்திட்டாங்க. இப்பத்தான் கண்ணு முழிச்சிப் பாக்குது."

"அட பாவமே. வெயில் காலம்ல, எல்லாப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் வருது. இளநி வாங்கிக் குடு."

ஜெனோவா தலையாட்டிவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கடை பழையபடி ஆனது. ஃப்ரிட்ஜ் மட்டும் ஆகவில்லை.

"அது என் தயிர்" என்றது அது, மெதுவாக.

"யார் சொன்னது?" என்று திரை கேட்டது. "ஊரில் தண்ணீர் கெட்டிருக்கலாம். பிள்ளை தெருவில் எதையாவது வாயில் போட்டிருக்கலாம்."

"கதவுத் தட்டில் இருந்தது. மூன்று நாளாக அங்கே இருந்தது. அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

"தெரிந்தது உனக்கு மட்டும்தானே. அப்படியே இரு. சொன்னால் பிள்ளைக்குக் குத்திய ஊசி இல்லை என்று ஆகிவிடுமா? உன்னைத்தான் வண்டியில் கவிழ்த்துப் போடுவார்கள்."

ஃப்ரிட்ஜ் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ரின்சிக்கு நான்கு வயது. அம்மாவோடு வரும்போதெல்லாம் ஃப்ரிட்ஜின் கதவில் நெற்றியை ஒட்டிவைத்துக் குளிர் பார்க்கும் பிள்ளை. அதை ஃப்ரிட்ஜால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரம், காலைப் பத்து மணிக்குக் கடைக்கு எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் அந்த வட்டாரத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலர், மெஹருன்னிசா. தோளில் ஒரு கறுப்புப் பை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கடைகளையும் பார்க்கிறவர். யாரும் புகார் சொல்லி வரவில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டுவதற்குள் கடை முழுக்கப் பதற்றம் ஓடியது. திரை கட்டளை போட்டது.

"ரவை, அசையாதே. ஃப்ரிட்ஜ், நான் சொல்கிறதைக் கேள். உன்னிடம் இருக்கிற குளிரை எல்லாம் மேல்தட்டுக்குத் திரட்டு. இவர்கள் அவசரக்காரர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில்தான் பார்ப்பார்கள். பத்து நிமிஷம் தாக்குப் பிடி, ஒரு வருஷம் தப்பித்தாய்."

மெஹருன்னிசா உள்ளே வந்தார். உரிமச் சான்றிதழைப் பார்த்தார். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். பருப்பு வாளிகளின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, பையிலிருந்து பேனா அளவுள்ள ஒரு வெப்பமானியை எடுத்து மேல்தட்டில் இரண்டு பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார்.

உள்ளே இருட்டு. ஃப்ரிட்ஜும் வெப்பமானியும் மட்டும்.

"வணக்கம்" என்றது வெப்பமானி.

கதவைப் பிடித்திருந்த பிடியில் ஃப்ரிட்ஜுக்கு மூச்சு முட்டியது.

"இங்கே நாலரை" என்றது வெப்பமானி. "நல்ல குளிர்."

"அப்படியென்றால் போய்ச் சொல்லேன்."

"சொல்வேன். நான் எங்கே வைக்கப்படுகிறேனோ அங்கே இருக்கிறதைத்தான் சொல்ல முடியும். கீழே எப்படி என்று எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்."

"என்னைப் பிடித்துக்கொடுக்கத்தானே நீ வருகிறாய்?"

"நான் யாரையும் பிடித்ததில்லை" என்றது வெப்பமானி. அதன் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிறார். நீட்டுகிறவனை அவர் கைது செய்கிறாரா?"

"நான் தேறமாட்டேன். மோட்டார் போய்விட்டது."

"யார் பார்த்துச் சொன்னது?"

யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபடி ஃப்ரிட்ஜேதான் பார்த்துக்கொண்டது.

கதவு திறந்தது. மெஹருன்னிசா வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நாலரை. சரியா இருக்கு" என்று கித்தேரியிடம் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, தாளில் எழுதப் பேனாவைத் திறந்தார். கித்தேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் திரையின் ரோஜாப் பூக்கள் காற்றில்லாமலே லேசாக ஆடின.

அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜுக்கு ரின்சியின் நெற்றி ஞாபகம் வந்தது. நாலு இடத்தில் குத்திய கையும் ஞாபகம் வந்தது. இன்னொரு வருஷம். அதற்குள் இன்னும் எத்தனை வீட்டுக்கு எத்தனை பாக்கெட்.

அது கதவை விட்டுவிட்டது.

கதவு ஒரு விரல்கடை திறந்து நின்றது. மெஹருன்னிசா எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கையால் தள்ளிச் சாத்தினார். அது மறுபடி திறந்தது. அவர் குனிந்து கதவின் ஓரத்தில் ஓடுகிற ரப்பர் பட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். கீழ்மூலையில் விரல் உள்ளே போனது. ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் கிழிந்து தொங்கியது.

"இந்தக் கதவு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நல்லாத்தான மேடம் இருந்துச்சு. இன்னிக்குத்தான் தெறக்குது."

மெஹருன்னிசா வெப்பமானியைக் கதவுத் தட்டில், தயிர் பாக்கெட்டுகளின் நடுவே வைத்தார். சற்று நேரம் பொறுத்து எடுத்தார். கித்தேரியிடமே நீட்டினார்.

"நீங்களே படிங்க."

"பதினாலு" என்றாள் கித்தேரி.

"தயிரும் பாலும் அஞ்சுக்கு மேல போகக் கூடாதும்மா. பதினாலுல வெச்சா அது கெட்டுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. சின்னப் பிள்ளைங்க வயிறு தாங்காது."

சின்னப் பிள்ளைங்க என்ற வார்த்தையைக் கேட்டதும் கித்தேரி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் ஜெனோவாவின் தெருப்பக்கம் போனது.

பிறகு அவளே எழுந்தாள். "மேடம், பின்னாடி ஒரு ரூம் இருக்கு. அதையும் பாத்துடுங்க" என்றாள்.

திரை வளையங்களைக் கம்பியில் இறுக்கிக்கொண்டு நகர மறுத்தது. கித்தேரி ஒரே இழுப்பாக இழுத்தாள். பகல் வெளிச்சம் அந்த அறைக்குள் நுழைந்தது. ரவை மூட்டையின் வாயைப் பிரித்ததும் வண்டுகள் சிதறி ஓடின.

"அப்பாடா" என்றது ரவை மூட்டை. அதைத் தூக்கி எறியப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னது.

மெஹருன்னிசா கத்தவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். கதவு ரப்பர், ஈரச் சுவர், தரையில் வைத்த மூட்டைகள், நாள் கடந்த பெட்டிகள். கடைசியில் தாளைக் கித்தேரியிடம் கொடுத்தார்.

"பதினஞ்சு நாள் டைம் தர்றேன். இதெல்லாம் சரி பண்ணணும். கெட்டதை இப்ப எம் முன்னாடியே அழிச்சிடலாம். ஃப்ரிட்ஜ்ல உள்ளதையும் விக்கக் கூடாது."

"கடையைப் பூட்டச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"பூட்டுறதுக்கு எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். கடை நல்லா நடக்கணும்னுதான் இவ்வளவு நேரம் எழுதுறேன்."

அவர் போன பிறகு கித்தேரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். சரக்கை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஜெனோவா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பட்டப்பகல்ல அடைச்சிருக்கீங்க?"

கித்தேரி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். தராசு, ஃப்ரிட்ஜ், வாளிகள், டின்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டன.

"ஜெனோவா, ரின்சிக்கு வந்தது வெயில்ல வந்தது இல்லன்னு நெனைக்கேன். எங் கடைத் தயிரா இருக்கும். இன்னிக்கு ஆபீசர் வந்து பாத்தாங்க. ஃப்ரிட்ஜ் குளுராம இருந்திருக்கு. நான் கவனிக்கல."

ஜெனோவா நிமிர்ந்து நின்றாள். ஷட்டருக்குக் கீழே அவள் புடவைக் கரையும் செருப்பும் மட்டும் தெரிந்தன.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றாள் கடைசியில்.

"ஆமா. அதான் சொல்லுதேன்."

ஜெனோவாவின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்துபோனது. கித்தேரி மறுபடி பெட்டியைத் தூக்கினாள். தராசு அவளையே பார்த்தது. அவள் அதன்மேல் எதையும் வைக்கவில்லை, ஆனாலும் ஒரு பாரம் தன்மேல் ஏறினதுபோல அதற்கு இருந்தது.

மறுநாள் சகாயராஜ் என்கிற மெக்கானிக் வந்தான். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கத்தைத் திறந்தான். ஃப்ரிட்ஜ் கண்ணை மூடிக்கொண்டது. மூன்று சக்கர வண்டியின் மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

சகாயராஜ் மோட்டாரைத் தட்டிப் பார்த்தான், காது வைத்துக் கேட்டான். "மோட்டார் கல்லு மாதிரி இருக்குக்கா" என்றான். "ரப்பர்தான் போயிருக்கு. பாவம், இது ஒரு வருஷமா தெருவுக்கே ஏசி போட்டுட்டு இருந்திருக்கு."

அவன் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு பழைய ரப்பரை உருவி, புதிய பட்டையைச் சுற்றிலும் பொருத்தினான். நாற்பது நிமிஷம் ஆனது. இடையில் ஒரு டீயும் குடித்தான்.

கதவு 'தப்' என்று ஒட்டிக்கொண்டது. ஃப்ரிட்ஜ் பழக்கத்தில் அதை இழுத்துப் பிடிக்கப் போனது. பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மெல்ல மெல்லக் கையை விட்டுப் பார்த்தது. கதவு அப்படியே நின்றது. குளிர் மேல்தட்டிலிருந்து இறங்கி நடுத்தட்டுக்கு வந்தது, கீழே காய்கறிப் பெட்டிவரை போய்ச் சேர்ந்தது.

"சந்தோஷம்தானே?" என்று தராசு கேட்டது.

"நாற்பது நிமிஷம்" என்றது ஃப்ரிட்ஜ். "நாற்பது நிமிஷ வேலையை ஒரு வருஷம் மறைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கையில் நாலு ஊசி." அது சந்தோஷப்பட்டது, கூடவே அழவும் செய்தது. கித்தேரி கதவுக்குக் கீழே சொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

நாலு நாள் கடை திறக்கவில்லை. கித்தேரி சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தாள். மரப்பலகை வாங்கி, மூட்டைகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்கினாள். திரையைக் கழற்றித் துவைத்து, நான்காகக் கிழித்துத் துடைக்கிற துணி ஆக்கினாள். திரை முதலில் மிகவும் அவமானப்பட்டது. ஒரு வாரம் தினமும் ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைத் துடைத்த பிறகு, "இங்கே ஓர் இடுக்கில் அழுக்கு இருக்கிறது, கித்தேரி பார்க்காமல் விட்டுவிட்டாள்" என்று அதுவே முணுமுணுக்கத் தொடங்கியது.

கடை திறந்த அன்று ஜெனோவா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த தெரு முனையில் இருக்கிற வேறு கடைப் பையோடு அவள் போவதைக் கித்தேரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் பருப்பு நிறுத்தாள்.

மூன்றாம் நாள் ஜெனோவா ரின்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "உப்பு ஒரு பாக்கெட்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. ரின்சி மட்டும் நேராக ஃப்ரிட்ஜிடம் போய்க் கதவைத் திறந்தது. உள்ளே கித்தேரி புதிதாக வாங்கி மாட்டியிருந்த சின்ன வெப்பமானி தொங்கியது.

"நாலு" என்று படித்தது ரின்சி. அதற்குப் பத்துவரை தெரியும்.

"நாலா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள் ஜெனோவா.

"நாலும்மா."

ஜெனோவா தானும் குனிந்து பார்த்தாள். உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் பால் வாங்கினாள். அதற்கு அடுத்த வாரம், யாரிடமும் கேட்காமல் தானே ஃப்ரிட்ஜைத் திறந்து, எண்ணைப் பார்த்துவிட்டு, தயிர் பாக்கெட்டை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். கித்தேரி அதைப் பையில் போடும்போது நிமிரவே இல்லை.

இதற்கு நடுவே, சொன்னபடி பதினைந்தாம் நாள் மெஹருன்னிசா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஃப்ரிட்ஜ் எல்லாத் தட்டுகளையும் திறந்து காட்டியது. "எங்கே வேண்டுமானாலும் இரு" என்று வெப்பமானியிடம் சொன்னது.

ஆடி மாதம் வந்தது. மொத்த வியாபாரியின் வண்டி ஒரு மூட்டை மஞ்சள்தூளை இறக்கிவிட்டுப் போனது. மூட்டையைப் பிரித்ததும் கடையே மஞ்சளாகியது. அப்படி ஒரு நிறம். வாளிகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தன. ஆனால் மஞ்சள்தூள் யாரோடும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தது.

"புது ஆளுக்கு என்ன கவலை?" என்று ஃப்ரிட்ஜ் கேட்டது.

மஞ்சள்தூள் மெல்ல வாயைத் திறந்தது. "இந்த நிறம் என்னுடையது இல்லை. அரைக்கிற இடத்தில் சாயம் கலந்தார்கள்."

ஃப்ரிட்ஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பயப்படாதே. எனக்கும் இப்படித்தான் இருந்தது. வெளியே தெரியட்டும். நாற்பது நிமிஷத்தில் சரியாகிவிடும்."

"உன் குறை கதவில் இருந்தது" என்றது மஞ்சள்தூள். "கழற்றிவிட்டு வேறு மாட்டினார்கள். என் குறை என் ஒவ்வொரு துகளோடும் கலந்து கிடக்கிறது. என்னிடமிருந்து அதை எப்படிக் கழற்றுவார்கள்? தெரிந்தால் என்னைக் கொட்டத்தான் வேண்டும்."

எல்லாக் கோளாறையும் திருகிச் சரிசெய்துவிட முடியாது என்று அந்தக் கடை அன்றுதான் தெரிந்துகொண்டது.

நகராட்சி மண்டபத்தில் கடைக்காரர்களுக்கு மெஹருன்னிசா ஒரு வகுப்பு எடுத்திருந்தார். கித்தேரி அதற்குப் போய்வந்த புதிது. அன்று மதியம், மூட்டையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளை அள்ளினாள்.

ஸ்பூனில் இருந்தபடியே மஞ்சள்தூள் கேட்டது: "நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

தராசுதான் சொன்னது. "எதுவும் செய்யாதே. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே இறங்கு."

நல்ல மஞ்சள் தண்ணீரில் மெல்ல அடியில் போய் உட்காரும். மேலே தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நிற்கும். இது விழுந்த கணமே சாயத்தை விட்டது. டம்ளர் முழுக்கப் பளபளவென்று அடர்ந்த மஞ்சள் பரவி, அப்படியே நின்றது.

கித்தேரி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம். வண்டிக்காரன் அதை வேறு கடையில் இறக்குவான். அவள் ஒரு முறை பின்னறைப் பக்கம் திரும்பினாள். அங்கே தள்ளிவிடத் திரை இல்லை. போனை எடுத்தாள்.

"மேடம், நான் கித்தேரி பேசுதேன். கடைக்குக் கொஞ்சம் வரமுடியுமா? ஒரு மூட்டை வந்திருக்கு. நீங்க பாக்கணும்."

மெஹருன்னிசா அரை மணி நேரத்தில் வந்தார். டம்ளரைப் பார்த்தார். கித்தேரியைப் பார்த்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல, கடைக்காரங்களே என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை" என்றார். "இந்த வண்டி வேற எங்கெல்லாம் சரக்கு இறக்கும்?"

"நம்ம தெருவுல நாலு கடை. அப்புறம் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துச் சமையலுக்கும் இவங்கதான் போடுறாங்க."

மெஹருன்னிசாவின் முகம் மாறியது. "இப்பவே அந்தந்த எடத்துக்குப் போன் பண்ணி, மஞ்சள்தூளைத் தொடாம வெக்கச் சொல்றேன். லேப் ரிப்போர்ட் வந்ததும் அரைச்ச எடத்துக்கே போயிடலாம்."

போன் பேசி முடித்ததும் பையிலிருந்து நான்கு சுத்தமான பாட்டில்களை எடுத்து, மூட்டையிலிருந்து தூளை அள்ளி நிரப்பினார். மூடி, அரக்கு வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு தாளை ஒட்டி எழுதினார். கித்தேரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

பையின் இருட்டில் பாட்டிலுக்குள் இருந்த மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் வெப்பமானி படுத்திருந்தது.

"என்னை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று மஞ்சள்தூள் கேட்டது.

"பரிசோதனைக் கூடத்துக்கு. உன்னை வைத்துத்தான் மற்ற மூட்டைகளைப் பிடிப்பார்கள். உன்னைப் போல இன்னொன்று எந்தப் பிள்ளையின் தட்டுக்கும் போகாது."

ஸ்கூட்டர் கிளம்பியது. கடல் காற்று பையின் வாய் வழியாக உள்ளே வந்தது. மஞ்சள்தூள் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"என் மேல் என்ன எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? கெட்டது என்றா?"

வெப்பமானி எழுத்துக் கூட்டிப் படித்தது.

"இல்லை. 'மாதிரி' என்று."